சீனச் சட்டம் படித்து எந்தக் கோர்ட்டில் நிற்பது?

கேள்வி: உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் மூன்று ஆண்டுகளாக ஜூனியராக இருக்கிறேன். வயது 27. எங்கள் சீனியரிடம் வருபவை பெரும்பாலும் நில எடுப்பு இழப்பீட்டு வழக்குகள். கல்லூரி நாளிலிருந்தே சீன மொழியில் ஆர்வம் உண்டு. இணைய வகுப்பில் படித்து, எச்.எஸ்.கே. எனப்படும் சீன மொழித் தேர்வில் மூன்றாம் நிலை முடித்திருக்கிறேன். உலக வங்கி, ஆசிய வளர்ச்சி வங்கி போன்ற இடங்களில் பன்னாட்டு வளர்ச்சிச் சட்டத் துறையில் பணிபுரிய வேண்டும், பிற்காலத்தில் சீனச் சட்டம் கற்பிக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். இதற்காகக் கல்விக் கடன் வாங்கி உடனே வெளிநாட்டில் எல்.எல்.எம். சேரலாமா? "சீனச் சட்டம் படித்து எந்தக் கோர்ட்டில் நிற்கப் போகிறாய்?" என்று வீட்டில் கேட்கிறார்கள். என்னிடம் பதில் இல்லை.
வாசகி, மதுரை (பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் வீட்டார் கேட்டது சரியான கேள்வி. சீனச் சட்டம் படித்த இந்தியர் எந்தச் சீன நீதிமன்றத்திலும் வழக்குரைஞராக நிற்க முடியாது. அங்கே அந்தத் தொழிலுக்கான தேசியத் தகுதித் தேர்வை எழுதச் சீனக் குடியுரிமை வேண்டும். ஹாங்காங், மக்காவ், தைவான் வாசிகளுக்கு அனுமதி உண்டு, நமக்கு இல்லை. சீனாவில் அலுவலகம் வைத்திருக்கும் வெளிநாட்டுச் சட்ட நிறுவனங்கள்கூடச் சீனச் சட்டம் குறித்துத் தம் பெயரில் சட்டக் கருத்துரை வழங்கக் கூடாது என்பதுதான் விதி. ஆகவே, வழக்காடுவதற்காக இதைப் படிக்க நினைத்தால் இப்போதே விட்டுவிடலாம்.

அப்படியானால் இந்தப் படிப்புக்குச் சம்பளம் கொடுப்பவர்கள் யார்? கடன் கொடுக்கும் வங்கிகள், கடன் வாங்கும் அரசுகள், அந்தக் கடனில் எழும் திட்டங்களால் வீடும் நிலமும் இழப்பவர்களுக்காகப் பேசும் அமைப்புகள், இவற்றையெல்லாம் ஆராயும் பல்கலைக்கழகங்கள். இந்த நால்வரிடமும் பல ஆண்டுகள் மாறி மாறி வேலை பார்த்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். நான் கண்டதையும், என் பிழைகளையும் சேர்த்தே சொல்கிறேன்.

பன்னாட்டு வளர்ச்சிச் சட்டம் என்ற பெயரில் தனிச் சட்டத் தொகுப்பு எதுவும் கிடையாது. உலக வங்கி ஒரு நாட்டுக்குக் கடன் கொடுக்கும்போது கையெழுத்தாகும் ஒப்பந்தம், அதன் பின்னிணைப்புகள், கொள்முதல் விதிகள், சுற்றுச்சூழல் மற்றும் சமூகப் பாதுகாப்பு விதிகள், அவை மீறப்பட்டால் பாதிக்கப்பட்டவர் முறையிடும் வழி ஆகிய இவ்வளவும் சேர்ந்ததைத்தான் நடைமுறையில் அப்படி அழைக்கிறோம். இதில் இந்தியாவுக்கும் சீனாவுக்கும் பலர் அறியாத ஒரு தொடர்பு உண்டு. சர்தார் சரோவர் அணைக்கு உலக வங்கி கடன் கொடுத்திருந்தபோது, நர்மதைப் பள்ளத்தாக்கு மக்களின் எதிர்ப்பால் வங்கி ஒரு தன்னாட்சி ஆய்வுக் குழுவை அமைத்தது; பிராட்ஃபோர்டு மோர்ஸ் தலைமையிலான அக்குழு 1992-ல் வங்கி தன் விதிகளையே பின்பற்றவில்லை என்று அறிக்கை கொடுத்தது; மறு ஆண்டு மீதிக் கடன் வேண்டாம் என்று இந்தியா விலகிக்கொண்டது. அதே 1993-ல்தான் உலக வங்கி தன் மீதான முறையீடுகளை விசாரிக்க ஆய்வுக் குழாம் என்ற நிரந்தர அமைப்பை உருவாக்கியது. ஆறு ஆண்டு கழித்து அந்தக் குழாமின் முன் வந்த முக்கியமான முறையீடுகளுள் ஒன்று சீனாவைப் பற்றியது. சிங்ஹாய் மாகாணத்தில் ஏறத்தாழ 58,000 ஏழை விவசாயிகளைத் திபெத்தியரும் மங்கோலியரும் வாழும் பகுதியில் குடியமர்த்தும் திட்டம் அது. வங்கியின் விதிகள் மீறப்பட்டதாக 2000-ல் குழாம் அறிக்கை அளித்தது. அந்தப் பகுதிக்கான கடனைச் சீனா திரும்பப் பெற்றுக்கொண்டு, சொந்தப் பணத்தில் செய்துகொள்கிறோம் என்றது. நர்மதையில் விழுந்த விதை சிங்ஹாயில் முளைத்தது என்று மாணவர்களிடம் சொல்வதுண்டு.

வங்கியின் விதி எவ்வளவு தூரம் பாயும், எங்கே நின்றுவிடும் என்பதற்கும் நம் கடற்கரையே சாட்சி. குஜராத்தின் முந்த்ராவில் நிலக்கரி அனல்மின் நிலையத்தால் பாதிக்கப்பட்ட மீனவர்களும் விவசாயிகளும், கடன் கொடுத்த, உலக வங்கிக் குழுமத்தைச் சேர்ந்த பன்னாட்டு நிதிக் கழகத்தின்மீது அமெரிக்காவில் வழக்குத் தொடுத்தார்கள். இப்படிப்பட்ட அமைப்புகளுக்கு முழுமையான விலக்குரிமை கிடையாது என்று 2019 பிப்ரவரியில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 7-க்கு 1 என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. ஆனால் வழக்கு கீழ் நீதிமன்றத்துக்குத் திரும்பியபோது, செயலின் மையம் இந்தியாவில் இருந்தது என்ற காரணத்தால் அது மறுபடியும் தள்ளுபடியானது. கொண்டாடிய இளம் வழக்குரைஞர்கள் பலர் இந்த இரண்டாம் பாதியைப் படிக்கவில்லை. நீங்கள் படியுங்கள்.

கடன் நிபந்தனை ஒரு நாட்டின் சட்டத்தையே மாற்றிவிடுவதும் உண்டு. சீனாவின் யுன்னான் மாகாண எல்லையில் லூபுகே நீர்மின் திட்டத்துக்கு உலக வங்கி கடன் கொடுத்தபோது பன்னாட்டு ஒப்பந்தப்புள்ளி கோர வேண்டும் என்ற நிபந்தனையும் வந்தது. சுரங்கப் பாதைப் பணிக்குச் சீனத் தரப்பு மதிப்பிட்ட தொகை 14.96 கோடி யுவான். ஜப்பானின் தாய்செய் நிறுவனம் 8.46 கோடி யுவானுக்கு டெண்டர் போட்டு 1984-ல் பணியை வென்றது. அது கொண்டுவந்த ஜப்பானிய மேலாளர்கள் சுமார் 30 பேர். வேலை செய்த 400-க்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் சீனர்களே. அதே ஆட்கள், அதே மலை, பாதிக்குச் சற்று மேலான செலவு. சீன நாளேடுகள் இதை "லூபுகே அதிர்ச்சி" என்று எழுதின. ஒப்பந்தப்புள்ளி முறை அதன் பிறகு நாடெங்கும் பரவி, 1999-ல் நிறைவேற்றப்பட்ட தனிச் சட்டத்தில் முடிந்தது. சீனச் சட்டத்தையும் வளர்ச்சிச் சட்டத்தையும் ஒன்றாகப் படிக்க விரும்புபவருக்கு இதைவிட நல்ல முதல் பாடத்தை நான் காணவில்லை.

அடுத்து, உங்கள் கடிதத்தில் நீங்கள் குறிப்பிடாவிட்டாலும் பெரும்பாலோரிடம் இருக்கும் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். பெய்ஜிங்கில் தலைமையகம் கொண்ட ஆசிய உள்கட்டமைப்பு முதலீட்டு வங்கியில் சேரச் சீன மொழி தெரிந்திருக்க வேண்டும் என்று எண்ணுகிறார்கள். தேவையில்லை. 2016 ஜனவரியில் செயல்படத் தொடங்கிய அந்த வங்கியின் அலுவல் மொழி ஆங்கிலம். சீனாவுக்கு அடுத்து மிகப் பெரிய பங்கு வைத்திருப்பது இந்தியா. சென்னை மெட்ரோ இரண்டாம் கட்டத்துக்கு அது கொடுத்திருக்கும் கடனுக்குச் சீன உள்நாட்டுச் சட்டம் பொருந்துவதில்லை. ஷாங்காயில் இருக்கும் புதிய வளர்ச்சி வங்கியும் ஆங்கிலத்தில்தான் இயங்குகிறது. சீன மொழியும் சீனச் சட்டமும் உண்மையில் தேவைப்படும் இடம் வேறு. அது சீன ஏற்றுமதி இறக்குமதி வங்கி, சீன வளர்ச்சி வங்கி ஆகிய சீன அரசு வங்கிகள் பிற நாடுகளோடு செய்துகொள்ளும் கடன் ஒப்பந்தங்கள்.

அந்த ஒப்பந்தங்களை எடுத்தால் கடைசிப் பக்கங்களிலிருந்து படியுங்கள். ஆளும் சட்டம் எது, தகராறு எங்கே தீர்க்கப்படும் என்ற இரண்டு பிரிவுகளும் அங்கேதான் இருக்கும். ஏற்றுமதி இறக்குமதி வங்கியின் ஒப்பந்தங்களில் பெரும்பாலும் சீனச் சட்டம் ஆளும் என்றும், பெய்ஜிங்கில் உள்ள சீனப் பன்னாட்டுப் பொருளாதார மற்றும் வர்த்தக நடுவர் ஆணையம் தீர்க்கும் என்றும் காணப்படும். கென்யா தன் ரயில் பாதைக்கு வாங்கிய கடன் ஒப்பந்தத்தை அந்நாட்டு அரசு 2022 நவம்பரில் வெளியிட்டபோது பொதுமக்களும் இந்த வரிகளை முதன்முறையாகப் பார்த்தார்கள். இலங்கை 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்திவைத்த பிறகு, இந்தியா, ஜப்பான், பிரான்ஸ் ஆகியவை தலைமையேற்ற கடன் கொடுத்தோர் குழுவோடு ஓர் உடன்பாட்டையும், சீன ஏற்றுமதி இறக்குமதி வங்கியோடு சுமார் 420 கோடி டாலருக்குத் தனியாக இன்னோர் உடன்பாட்டையும் 2024 ஜூனில் செய்துகொள்ள வேண்டியிருந்தது. அம்பாந்தோட்டைத் துறைமுகம் கடனுக்கு ஈடாகப் பறிக்கப்பட்டது என்று நம்மவர்கள் மேடைகளில் பேசுவதைக் கேட்டிருப்பீர்கள். 2017-ல் 99 ஆண்டுக் குத்தகைக்காகக் கிடைத்த 112 கோடி டாலர் அந்தத் துறைமுகக் கடனை அடைக்கவில்லை. கடன் இலங்கை அரசின் தலையில் அப்படியே நின்றது, குத்தகைப் பணம் அந்நியச் செலாவணிக் கையிருப்புக்குப் போனது. குத்தகை வேறு ஆவணம், கடன் வேறு ஆவணம். இரண்டையும் பிரித்துப் படிக்கத் தெரிந்தவர்கள் கொழும்பிலும் குறைவு, சென்னையிலும் குறைவு. உங்களைப் போன்றவருக்கு வேலை இருக்கிறது என்று நான் நம்புவதற்கு இதுவே காரணம்.

இனி உங்கள் கையிலிருக்கும் முதலைப் பற்றிப் பேசுவோம். கடிதத்தில் நில எடுப்பு வழக்குகளை ஒரே வரியில் கடந்துபோயிருக்கிறீர்கள். ஏதோ அவற்றிலிருந்து தப்பித்து வேறு உலகத்துக்குப் போவது போன்ற தொனி அதில் இருக்கிறது. எனக்குப் படுவது நேர் எதிரானது. தனி வட்டாட்சியரின் இழப்பீட்டுத் தீர்வத்தைக் கையில் எடுத்து, வழிகாட்டி மதிப்பு எந்த ஆண்டினது, விற்பனைப் புள்ளிவிவரத்தில் எந்தப் பத்திரங்களை விட்டுவிட்டார்கள், ஆறுதல் தொகையைச் சரியாகக் கணக்கிட்டார்களா என்று உங்களால் அரை மணி நேரத்தில் சொல்ல முடியும். 2013-ம் ஆண்டு மத்திய நில எடுப்புச் சட்டம் வந்த பிறகும் தமிழ்நாடு தன் மூன்று நில எடுப்புச் சட்டங்களை எப்படித் தக்கவைத்துக்கொண்டது, 2019-ல் சென்னை உயர் நீதிமன்றம் என்ன சொன்னது, உடனே சட்டமன்றம் என்ன செய்தது, 2021-ல் உச்ச நீதிமன்றம் அதை எப்படி ஏற்றது என்பதெல்லாம் உங்களுக்கு நடந்த கதையாகத் தெரியும். மணிலாவில் ஆசிய வளர்ச்சி வங்கியிலோ வாஷிங்டனில் உலக வங்கியிலோ சட்டப் பிரிவில் இருப்பவர்களில் பலருக்கு இந்தக் களப் பரிச்சயம் இல்லை.

அங்கே செய்யும் வேலையைக் கொஞ்சம் அருகில் வைத்துக் காட்டுகிறேன். ஒரு சாலைத் திட்டத்துக்கு உலக வங்கி கடன் கொடுக்கும் முன், நாட்டின் நில எடுப்புச் சட்டத்தையும் நில எடுப்பு, மறுகுடியமர்வு பற்றிய வங்கியின் ஐந்தாம் சுற்றுச்சூழல், சமூகத் தரநிலையையும் பக்கம் பக்கமாக ஒப்பிட்டு இடைவெளி அட்டவணை ஒன்று தயாரிப்பார்கள். புறம்போக்கில் இருபது ஆண்டாகத் தேநீர்க்கடை வைத்திருப்பவரை எடுத்துக்கொள்ளுங்கள். பட்டா இல்லாதவருக்கு நிலத்துக்கான இழப்பீடு இல்லை என்பதில் இரண்டுக்கும் முரண்பாடு கிடையாது. ஆனால் அவர் போட்ட கூரைக்கும் சுவருக்கும் இழப்பீடு தர வேண்டும், பிழைப்பு நடத்த உதவியும் தர வேண்டும் என்கிறது வங்கியின் தரநிலை. நாட்டுச் சட்டம் அதைத் தெளிவாகச் சொல்லாவிட்டால், இடைவெளியை நிரப்பும் வாசகத்தைக் கடன் ஒப்பந்தத்திலோ மறுகுடியமர்வுத் திட்டத்திலோ எழுத வேண்டும். அந்த வாசகத்தை எழுதுபவர் சட்ட ஆலோசகர். அது சரியாக இருந்தால் தேநீர்க்கடைக்காரருக்குப் பணம் கிடைக்கும்; "ஏற்புடைய இடங்களில்" என்று ஒரு சொல் சேர்ந்துவிட்டால் கிடைக்காது.

இதே அட்டவணையைச் சீனாவுக்குப் போட்டால் உங்கள் பாதை எதுவென்று தெரியும். சீனாவில் நகர நிலம் அரசுடையது, கிராம நிலம் கூட்டுடைமை. விவசாயிக்கு இருப்பது உழுது பயிரிடும் ஒப்பந்த உரிமை மட்டுமே. முன்பு நிலம் எடுக்கும்போது ஆண்டு விளைச்சலின் மதிப்பை இத்தனை மடங்கு என்று பெருக்கித் தொகை போட்டார்கள். அதற்கு 30 மடங்கு என்ற உச்சவரம்பும் இருந்தது. 2019-ல் திருத்தப்பட்டு 2020 ஜனவரி முதல் நடப்புக்கு வந்த நில நிர்வாகச் சட்டம் அந்தக் கணக்கைக் கைவிட்டு, பகுதி வாரியான ஒருங்கிணைந்த விலையைக் கொண்டுவந்தது. நிலம் இழந்த விவசாயிகளின் சமூகப் பாதுகாப்புச் செலவையும் ஏற்க வேண்டும் என்றது. பொதுநலன் என்றால் என்ன என்பதையும் அதன் 45-ம் பிரிவு முதன்முறையாகப் பட்டியலிட்டது. அந்தப் பட்டியலில் ராணுவம், சாலை, பள்ளி எல்லாம் வரிசையாக வந்து, நடுவே "ஒட்டுமொத்தப் பகுதி மேம்பாடு" என்று ஒன்று உட்கார்ந்திருக்கிறது. நம் தொழிற்பூங்கா வழக்குகளைப் பார்த்தவருக்கு அந்தச் சொல்லின் வயிறு எவ்வளவு பெரியது என்று விளக்க வேண்டியதில்லை. இந்த ஒரு பிரிவை நம் 2013-ம் ஆண்டுச் சட்டத்தோடு ஒப்பிட்டு நீங்கள் எழுதினால், அதைப் படிக்க வேண்டியவர்கள் படிப்பார்கள். சீனச் சட்டம் முழுவதும் தெரிந்தவர் என்று சொல்லிக்கொள்பவரை யாரும் நம்புவதில்லை. சீனாவில் நிலம் எடுக்கும் சட்டம் தெரிந்தவரைத் தேடி வருவார்கள்.

மொழி விஷயத்தில் உங்களுக்குக் கசப்பான ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. பழைய அளவீட்டில் எச்.எஸ்.கே. மூன்றாம் நிலை என்பது 600 சொல். ஆறாம் நிலை 5,000 சொல். அதை முடித்தவரும் ஒரு தீர்ப்பை எடுத்தால் முதல் பக்கத்திலேயே அகராதியைத் தேடுவார். 1,260 பிரிவுகள் கொண்ட குடிமைச் சட்டத் தொகுப்பு 2021 ஜனவரி முதல் அமலில் இருக்கிறது, நல்ல ஆங்கில மொழிபெயர்ப்பும் உண்டு, அது போதாதா என்று கேட்பீர்கள். போதாது என்பதற்கு நானே உதாரணம்.

பல ஆண்டுகளுக்கு முன் ஒரு மாகாணத்தின் மறுகுடியமர்வு விதிமுறைகளைக் கடன் கொடுத்த நிறுவனத்தின் விதிகளோடு ஒப்பிடும் பணி எனக்குக் கிடைத்தது. வீடு இழப்பவருக்கு "யுவான்ஸெ ஷாங்" அதே நகரியத்துக்குள் மாற்று வீடு தரப்படும் என்று ஒரு விதி. யுவான்ஸெ என்றால் கொள்கை, கோட்பாடு. நான் அதை "அடிப்படைக் கோட்பாடாக" என்று ஆங்கிலத்தில் பெயர்த்து, அட்டவணையில் "பொருந்துகிறது" என்று குறித்துவிட்டேன். களத்துக்குப் போன சமூகவியலாளர் திரும்பி வந்து, பாதிப் பேருக்கு மாற்று வீடு இருபது கிலோமீட்டருக்கு அப்பால் தரப்பட்டிருக்கிறது என்றார். விளக்கம் கேட்டபோது உள்ளூர் அலுவலர் வியப்போடு சொன்னாராம்: "விதியில் யுவான்ஸெ ஷாங் என்றுதானே இருக்கிறது?" சீன அலுவல் மொழியில் அந்தச் சொல் வந்தால் விதிவிலக்கு உண்டு என்று பொருள். இதில் எனக்கு இன்றும் வெட்கம் தரும் செய்தி ஒன்று உண்டு. அந்தச் சொல்லுக்கு நேர்ச்சொல் தமிழில் இருக்கிறது: "கொள்கையளவில்." கொள்கையளவில் ஒப்புதல் என்று ஓர் அரசாணை வந்தால் இன்னும் எதுவும் நடக்கவில்லை என்று நம் கிராம நிர்வாக அலுவலருக்குக்கூடத் தெரியும். நான் ஆங்கிலத்தின் வழியாகப் போகாமல் தமிழின் வழியாகப் போயிருந்தால் அந்தப் பிழை நேர்ந்திருக்காது.

ஆகவே எல்.எல்.எம். பற்றிய என் பதில்: கல்விக் கடன் வாங்கி இப்போது போக வேண்டாம். ஆங்கில வழியில் சீனச் சட்டம் கற்பிக்கும் முதுகலைப் படிப்புகள் சீனாவின் முதன்மைப் பல்கலைக்கழகங்களில் உண்டு. சிங்ஹுவா 2005 முதலே நடத்துகிறது. ஹாங்காங்கிலும் உண்டு. அவை நல்ல படிப்புகள்தாம், ஆனால் பெரும்பாலும் மொழிபெயர்ப்பை வைத்துக் கற்பிப்பவை. மொழி இல்லாமல் போனால் பட்டத்தோடு திரும்பி வருவீர்கள், படிக்கும் திறனோடு அல்ல. இரண்டு ஆண்டு மதுரையிலேயே இருந்து மொழியை ஐந்தாம் நிலைக்காவது கொண்டுவாருங்கள். பிறகு சீன அரசு உதவித்தொகைக்கு விண்ணப்பித்து, முடிந்தால் சீன வழியில் படியுங்கள். தைவானும் மொழி கற்க உதவித்தொகை தருகிறது. அங்கே பழைய எழுத்து வடிவம் என்பதை மட்டும் மனத்தில் வையுங்கள். உலக வங்கியின் இளம் வல்லுநர் திட்டத்துக்கு வயது வரம்பு 32, முதுகலைப் பட்டமும் வேண்டும் என்பதால் உங்களுக்குக் கால அவகாசம் இருக்கிறது, ஆனால் தாராளமாக இல்லை. அதில் கிடைக்காவிட்டாலும் மனம் தளர வேண்டாம். வங்கிகளின் சட்டப் பிரிவுகளுக்கு வருபவர்களில் பெரும்பாலோர் சில ஆண்டு ஒப்பந்தப் பணி அனுபவத்தோடு வேறு வாசல்களால் வந்தவர்கள். ரோமில் இருக்கும் பன்னாட்டு வளர்ச்சிச் சட்ட அமைப்பையும் கவனித்து வாருங்கள். சட்டத்தையே முழுநேர வேலையாகக் கொண்ட பல்லரசு அமைப்பு அது.

வருமானத்தைப் பற்றியும் ஒளிக்காமல் சொல்கிறேன். தொடக்கத்தில் கிடைப்பது பெரும்பாலும் குறுகிய கால ஆலோசகர் பணி. உலக வங்கியில் அதற்கு ஒரு நிதியாண்டில் 150 நாள் வரம்பு. நாள் கூலி பெரிதாகத் தோன்றும். மீதி 215 நாளுக்கும் அதுதான் சோறு என்பதையும், ஓய்வூதியம் கிடையாது என்பதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். சம்பளப் பணியில் முழுநேரமாகச் சேர்ந்தால் சன்னதை, அதாவது வழக்குரைஞர் உரிமத்தை, நிறுத்திவைக்க வேண்டும். ஆனால் வழக்குரைஞர் நாளுக்கு மூன்று மணி நேரத்துக்கு மிகாமல் சட்டம் கற்பிக்கலாம் என்று பார் கவுன்சில் விதி அனுமதிக்கிறது. ஆகவே கற்பிப்பதைப் பிற்காலத்துக்குத் தள்ளிப்போட வேண்டியதில்லை.

கற்பிப்பதைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுதத் தோன்றுகிறது, ஏனென்றால் என்னைக் காப்பாற்றியது அதுதான். சீனச் சட்டத்துக்கென்று தனித் துறை வைத்திருக்கும் சட்டக் கல்லூரி நம் நாட்டில் நான் கண்டதில்லை. ஒப்பீட்டுச் சட்டம் என்ற தாளுக்குள் விருப்பப் பாடமாக நுழைக்க வேண்டும். நிரந்தரப் பணிக்கு எல்.எல்.எம். பட்டம், நெட் தகுதித் தேர்வு இரண்டும் வேண்டும். வெளிநாட்டுப் பட்டமென்றால் அதன் இணைநிலையைச் சேருவதற்கு முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள். சிங்கப்பூரிலும் ஹாங்காங்கிலும் இடம் உண்டு, ஆனால் முனைவர் பட்டம் இல்லாமல் கதவு திறப்பதில்லை.

என் முதல் வகுப்பில் கரும்பலகையில் இரண்டு எழுத்துகளை எழுதுவேன். இரண்டையும் சீனர் ஏறத்தாழ "ஜி" என்றே உச்சரிப்பர். சட்டம் என்று பொருள்படும் "ஃபா" முன்னால் சேர்ந்தால் இரண்டுமே "ஃபாஜி." முதல் எழுத்தில் கத்தியைக் குறிக்கும் பகுதி இருக்கிறது; அப்போது பொருள் சட்ட அமைப்பு, சட்ட ஏற்பாடு. இரண்டாவதில் நீரைக் குறிக்கும் பகுதி. பொருள் சட்டத்தால் ஆளுதல். காதால் கேட்டால் வேறுபாடு தெரியாது என்பதால் சீனச் சட்ட அறிஞர்களே "கத்தி ஜி", "நீர் ஜி" என்று சொல்லிப் பேசுவார்கள். 1999-ல் அரசமைப்பின் ஐந்தாம் உறுப்பில் நீர் ஜி ஏறியது. முகவுரையில் கத்தி ஜி அப்படியே நின்று, 2018 திருத்தத்தில்தான் நீர் ஜியாக மாறியது. குடியரசுத் தலைவர் தொடர்ந்து இரண்டு முறைக்கு மேல் பதவி வகிக்கக் கூடாது என்ற வரம்பை நீக்கியதும் அதே திருத்தம்தான். இதைச் சொல்லிவிட்டு நான் பேசாமல் இருப்பேன். வகுப்பில் மீதி நேரம் மாணவர்களுடையது.

அவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிவார்கள். அங்கே சட்டமே இல்லை என்பது ஒரு கட்சி. நம்மால் முப்பது ஆண்டில் முடியாததை மூன்று ஆண்டில் கட்டுகிறார்கள், அவர்கள் சட்டமே சிறந்தது என்பது மறு கட்சி. இரண்டும் படிக்காதவர் பேச்சு. முதல் கட்சிக்கு 1979-ஐக் காட்டுவேன். நீதித் துறை அமைச்சகமே 1959-ல் கலைக்கப்பட்டிருந்த நாடு, 1979 ஜூலை முதல் நாள் ஒரே நாளில் ஏழு சட்டங்களை நிறைவேற்றி மறுபடியும் தொடங்கியது. 1990-ல் குடிமகன் அதிகாரியின்மீது வழக்குத் தொடுக்கும் சட்டம் அமலுக்கு வந்தது. இரண்டாம் கட்சிக்குச் சுவரில் வட்டம் போட்டு எழுதப்பட்ட "சாய்" என்ற எழுத்தின் படத்தைக் காட்டுவேன். இடி, தகர் என்று பொருள். காலையில் எழுந்து வாசலுக்கு வந்தால் வெள்ளைச் சாயத்தில் அந்த எழுத்து. 2007-ல் சோங்சிங் நகரில் சுற்றிலும் பள்ளம் தோண்டப்பட்ட பிறகும் இறங்கிவர மறுத்துத் தனியாக நின்ற அந்த "ஆணி வீட்டை"யும் காட்டுவேன். சொத்துரிமைச் சட்டம் நிறைவேறிய அதே மாதம் உலகெங்கும் பரவிய படம் அது.

பிறகு ஒரு தீர்ப்பைக் கையில் கொடுப்பேன். மூன்று நான்கு பக்கம்தான். தரப்பினர், கோரிக்கை, விசாரணையில் கண்டறிந்தது, "இந்நீதிமன்றம் கருதுவது", உத்தரவு. மாறுபட்ட தீர்ப்புரை இருக்காது. முன்தீர்ப்புகளின் வரிசையும் நம்முடையதைப்போல் இருக்காது. 2011 இறுதியிலிருந்து உச்ச மக்கள் நீதிமன்றம் வெளியிடும் வழிகாட்டு வழக்குகளைக் கீழ் நீதிமன்றங்கள் "கருத்தில் கொள்ள வேண்டும்", அவ்வளவே. நம் மாணவர்கள் "ரேஷியோ எங்கே சார்?" என்று, தீர்ப்புக்கு அடிப்படையான சட்டக் காரணத்தைத் தேடுவார்கள். தேடட்டும் என்று விட்டுவிடுவேன். நீங்கள் கற்பிக்க வரும்போது ஒரு இடர்ப்பாட்டைச் சந்திப்பீர்கள்: 2013-ல் திறக்கப்பட்டு, 2020-க்குள் 10 கோடித் தீர்ப்புகளைத் தாண்டிய இணையத் தீர்ப்புக் களஞ்சியத்தில் 2021-க்குப் பிறகு பதிவேற்றம் வெகுவாகக் குறைந்துவிட்டது, நிர்வாக வழக்குகள் கிடைப்பது இன்னும் அரிது. ஆகவே, இப்போதே கண்ணில் படும் நில எடுப்புத் தீர்ப்புகளைச் சேமித்து வைக்கத் தொடங்குங்கள். நாளை தேடும்போது அந்தப் பக்கம் இருக்கும் என்பதற்கு உறுதி இல்லை.

வீட்டாருக்கு என்ன சொல்வது என்று கேட்டீர்கள். சன்னதை விடவில்லை, கடன் வாங்கவில்லை, இரண்டு ஆண்டு மதுரையிலேயே இருக்கிறேன் என்று சொன்னால் பாதி கவலை தீர்ந்துவிடும். மீதிப் பாதிக்கு என்னிடமும் மருந்தில்லை; என் தாயார் கடைசிவரை நான் ஏதோ மொழிபெயர்ப்பு வேலை பார்ப்பதாகவே எல்லோரிடமும் சொல்லிவந்தார்.

இந்த வாரமே ஒன்று செய்யுங்கள். சீன நில நிர்வாகச் சட்டத்தின் 47, 48 பிரிவுகளைச் சீன மூலத்தில் எடுத்து, உங்கள் சீனியரிடம் நடந்து முடிந்த ஒரு வழக்கின் தீர்வத்தைப் பக்கத்தில் வையுங்கள். அந்த வழக்கின் கட்சிக்காரர் மதுரைக்குப் பதில் ஹெனான் மாகாணக் கிராமம் ஒன்றில் இருந்திருந்தால் எந்த நாளில் அறிவிப்பு கிடைத்திருக்கும், எதற்கெல்லாம் தொகை கேட்டிருக்கலாம், ஆட்சேபிக்க எங்கே போயிருப்பார் என்று தமிழில் நான்கு பக்கம் எழுதுங்கள். அகராதி பார்க்கலாம், ஆங்கில மொழிபெயர்ப்பைப் பார்க்கக் கூடாது. எழுதி முடிக்க மூன்று வாரம் ஆகலாம். கட்சிக்காரரின் பெயரை நீக்கிவிட்டு எனக்கு அனுப்பினால், சிவப்பு மையோடு திருப்பி அனுப்புகிறேன்.